உள்ளான் இறங்காத சேறு

இது நான் நேரில் கண்டதல்ல. பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகி சொன்னது. அவளும் கண்டதில்லை. அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் நடந்ததாம், மாமியார் சொன்னாராம். இரண்டு வாய் தாண்டி வந்தது என்பதால், எனக்கு உறுதியாகத் தெரியாததை உறுதிபோல் எழுதாமலிருக்கப் பார்க்கிறேன்.

கீழக்கழி, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கிற மீனவர் ஊர். ஊருக்கு மேற்கே, கழியை ஒட்டி, பெரிய சேற்றுவெளி. கடல் ஏறும்போது தண்ணீர் அதன்மேல் மெல்லப் பரவும். வற்றும்போது சேறு வெறுமையாக மின்னிக்கொண்டு கிடக்கும். ஊரார் அதைப் பரப்பு என்பார்கள். ஐப்பசி மழையோடு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சின்னச் சேற்றுப்பறவைகள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து அங்கே இறங்கும். பங்குனி வரை சேற்றைக் குத்திக் குத்திப் புழு தின்னும்.

சுனாமி வந்த காலையில் ஊரின் பிணங்களை அலை கொண்டுபோய்ப் போட்டதும் அந்தப் பரப்பில்தான்.

பிறகு ஓர் இறால் பண்ணை வந்தது. பரப்பைச் சுற்றி உயரமாகக் கரை போட்டது. இறாலுக்கு நோய் வந்ததும், மோட்டார் கொட்டகையைக்கூடப் பிரிக்காமல் போய்விட்டது. கரைக்குள் அடைபட்ட தண்ணீர் கறுத்து நாறியது. பறவைகள் வருவது நின்றது.

ஆளில்லாத அந்த மோட்டார் கொட்டகையில் ஒரு துறவி வந்து தங்கினார். நாற்பது வயது இருக்கும் பெண். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், "இப்ப இந்த ஊர்" என்றார். ஊரார் அவரைச் சாமியம்மா என்றார்கள்.

அவரிடம் முதலில் போனவர் தாண்டவராயன். விசைப்படகு ஓட்டியவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சுனாமி அன்று தன் ஒரே மகள் பூங்கோதையின் உடலைப் பரப்பிலிருந்துதான் தோளில் தூக்கி வந்திருந்தார். அதற்குப் பிறகு கடலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். யாரோடும் அதிகம் பேசவில்லை.

"மனசு அடங்க ஏதாவது மந்திரம் குடுங்கம்மா" என்று கேட்டார்.

சாமியம்மா கொட்டகை மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தக் கரையை வெட்டுங்கய்யா. தண்ணி உள்ள வரட்டும்."

"வெட்டினா மனசு அடங்குமா?"

"தண்ணி வரும்."

அவர் வெட்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நின்று சிரிப்பது சலித்துப்போனவர்கள் கூடை எடுத்து வந்து மண் சுமந்தார்கள். வலை வேலை இல்லாத நாட்களில் ஊரே அங்கே நின்றது. கரை உடைந்த அன்று கடல் உள்ளே வந்தது. கறுப்புத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. அடுத்த மழைக்குள் நண்டு வந்தது, இறால் குஞ்சு வந்தது.

அதிலிருந்து தாண்டவராயன் சாமியம்மாவின் சீடர். இவர் அவரை அம்மா என்பார். அம்மா அவரை ஐயா என்பார். இவர்களில் குரு யார் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்.

அந்த மார்கழியில், சுனாமி நாள் நெருங்கியபோது, செத்தவர் பேரில் வீட்டுக்கு ஓர் அலையாத்திக் கன்று நடலாம் என்று தாண்டவராயன் சொன்னார். ஊர் உடனே ஒப்புக்கொண்டது. எங்கே நடுவது என்ற பேச்சே எழவில்லை. அலை அவர்களை எங்கே போட்டதோ அங்கே.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. இடுப்பளவு வளர்ந்தன. யாருடையது என்று அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு துணி கட்டியிருந்தது. ஆடி அமாவாசைக்கு வேதவல்லி என்பவள் செத்த தன் புருஷன் பேரில் நட்ட கன்றுக்கு முன்னால் ஒரு பீடிக்கட்டு வைப்பாள். தாண்டவராயன் எதுவும் வைக்கமாட்டார். பூங்கோதையின் கன்றில் நத்தை ஏறியிருந்தால் எடுத்துப் போடுவார்.

ஐப்பசி வந்தது. பறவைகளும் வந்தன. பரப்புக்கு மேலே வட்டமிட்டன. தாழ்ந்தன. இறங்கப்போவதுபோல் இருந்தது. பிறகு தெற்கே உப்பளத்துப் பக்கம் போய்விட்டன.

அடுத்த ஐப்பசியிலும் அப்படித்தான்.

தாண்டவராயன் கொட்டகைக்குப் போனார்.

"கரையை வெட்டினோம். தண்ணி வந்துச்சு. நண்டு வந்துச்சு. பறவை ஏம்மா எறங்கல?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பூங்கோதை அந்தப் பறவைக் கூட்டத்துக்கு நடுவே ஓடுவாளாம். எல்லாம் ஒரேயடியாக எழும்புமாம். அவள் கைதட்டிவிட்டு, அவை மறுபடி இறங்குகிற இடத்துக்கு மறுபடி ஓடுவாளாம். அதை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் கடைசிவரை கரையை வெட்டினேன் என்று, வேறு யாரிடமும் சொல்லாததைத் தில்லைநாயகியின் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

சாமியம்மா கேட்டார்: "சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"எடுத்துட்டு வாங்க. பரப்புல கன்னுங்களுக்கு நடுவுல குந்திச் சாப்பிடுங்க."

தாண்டவராயன் வீட்டுக்குப் போய்த் தூக்குச்சட்டியில் கஞ்சியும் இலையில் சுட்ட கருவாடும் கொண்டுவந்தார். கடல் வற்றியிருந்தது. கன்றுகளுக்கு நடுவே சேற்றில் குந்தினார். குந்தியபோது கன்றுகள் அவர் தலைக்குமேல் இருந்தன. சாமியம்மா கரைமேல் நின்றார்.

ஒரு வாய் குடித்தார். இடப்பக்கம் சலசலத்தது. திரும்பினார்; காற்று. இன்னொரு வாய். பின்னால் ஏதோ கேட்டது. திரும்பினார், ஒன்றுமில்லை. முன்பக்கம் திரும்பியபோது இலை இருந்தது, கருவாடு இல்லை. வேதவல்லி வீட்டு நாய் துரை, கன்றுகளுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கேருந்து வந்துச்சு?" என்று கரையிலிருந்து கேட்டார் சாமியம்மா.

"பாக்கலம்மா."

"நாளைக்கும் வாங்க. அதோ, அந்த வெறும் சேத்துல உக்காருங்க."

மறுநாள், பரப்பின் வடக்கு ஓரத்தில் யாரும் கன்று நடாத துண்டில் போய்க் குந்தினார். முந்தின நாள் ருசி கண்ட துரை வந்தது. கடுகளவாகத் தெரியும்போதே தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வரும்வரை கஞ்சி குடித்தார். வந்ததும் ஒரு சேற்றுருண்டையை எடுத்துக் காட்டினார். நாய் திரும்பிப் போனது. அவர் கருவாட்டை முள்வரை தின்றுவிட்டு எழுந்தார்.

கரைக்கு வந்து, தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

"கன்னையெல்லாம் எடுக்கணும்" என்றார்.

"நான் சொல்லலய்யா."

"நீங்க சொல்லல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தாண்டவராயன் சேற்றைப் பார்த்தார். "படகுல போறப்ப பாத்திருக்கேன். நாலு பக்கமும் வெட்டவெளியாத் தெரியற எடத்துலதான் எறங்கும். மறைவு இருந்தா எறங்காது."

"அப்பறம் என்னை ஏன் கேட்டீங்க?"

"நீங்க வேற ஏதாவது சொல்வீங்கன்னு."

சாமியம்மா சிரிக்கவில்லை.

"எடுத்துட்டா வருமாம்மா?"

"தெரியாது."

அன்று சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. கன்றுகளைப் பெயர்த்து, பரப்புக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் கரையில் நடலாம், அலையாத்தி தானாக முளைக்கிற இடம் அதுதான் என்றார் தாண்டவராயன். கொட்டகை சத்தமாயிற்று.

"நட்டதும் நீ, புடுங்கச் சொல்றதும் நீயா?"

"நாய் கருவாட்டத் தின்னதுக்கெல்லாம் ஊர்க்கூட்டமா!"

வேதவல்லி எழுந்தாள். அவள் புருஷன் உடம்பு கிடைக்கவேயில்லை.

"அண்ணே, ஒரு கொக்குக்காக எங்க வூட்டுக்காரரை எடத்தக் காலி பண்ணச் சொல்றியா?"

"கொக்கு இல்ல வேதவல்லி. உள்ளான்."

"எதுவோ ஒண்ணு. அதுக்கு இந்த ஊர்ல ரேஷன் கார்டு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேதவல்லி சிரிக்கவில்லை.

"உனக்காவது தூக்கிட்டு வந்து பொதைக்க ஒரு புள்ள கெடைச்சுது. எனக்கு அந்தக் கன்னு ஒண்ணுதான். எடுத்து நட்டா பொழைக்கும்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றார் தாண்டவராயன். "சிலது போயிடும்."

"என்னோடதத் தொடாத."

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. வேதவல்லி சம்மதிக்காமல் நாங்கள் மட்டும் எப்படி என்று மற்றவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் தாண்டவராயன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றார்.

"வேதவல்லி மாட்டேங்குது. என்ன பண்றதும்மா?"

சாமியம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க கன்னு எங்கய்யா இருக்கு?"

"பரப்புல."

சாமியம்மா மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

 தாண்டவராயன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கடல் வற்றியதும் பூங்கோதையின் கன்றைச் சுற்றி வெட்டினார். வேர்கள் அவர் நினைத்ததைவிட அகலமாக ஓடியிருந்தன.  சீக்கிரம் முடித்துவிட வேண்டும்போல் இருந்தது. சாக்கில் வைத்துக் கட்டினார். தூக்க முடியவில்லை. பின்னாலேயே வந்திருந்த சாமியம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவரும் முழங்கால் புதையும் சேற்றில், பத்தடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். 

நட்டார். வெயில் படாமல் ஓலை வைத்தார். தினமும் போய்ப் பார்த்தார். முதலில் நுனி இலைகள் மடங்கின. பிறகு எல்லா இலைகளும் உதிர்ந்தன. துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேதவல்லி வந்து நின்றாள். குனிந்து தண்டை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை இல்லை.

"பட்டுப்போச்சு அண்ணே" என்றாள். குரலில் ஏளனம் இல்லை.

தாண்டவராயன் கொட்டகைக்குப் போனார்.

"செத்துப்போச்சும்மா."

சாமியம்மா திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை அவளத் தூக்கிட்டேன்."

"ஆமாய்யா."

அவர் அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று தாண்டவராயன் காத்திருந்தார். பொழுது ஏறியது. கடல் வற்றத் தொடங்கிய சத்தம் வாய்க்காலில் கேட்டது.

"மண்வெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார் சாமியம்மா.

"பரப்புல, குழியிலயே கெடக்கு."

"துருப்புடிச்சிடும்யா."

மண்வெட்டியை எடுக்கத்தான் தாண்டவராயன் போனார். கன்றைத் தோண்டிய குழி அங்கே பாதிதான் தூர்ந்திருந்தது. சேற்றை வெட்டி அதில் போட்டார். பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு, முழங்காலிட்டுக் கையால் தடவிச் சமன் செய்தார்.

நிழல் விழுந்தது. வேதவல்லி நின்றிருந்தாள். இடுப்பில் கூடை, கையில் கடப்பாரை. துரை பக்கத்தில்.

"எடுத்த எடத்த எதுக்கு இப்படித் தடவிக்கிட்டிருக்க?"

"குழியா இருந்தா தண்ணி ஆழமா நிக்கும். அதுங்க காலு சின்னக் காலு."

வேதவல்லி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாளாம். தில்லைநாயகியின் மாமியார் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் நிறுத்துவாராம்.

"உன்னோடது போச்சு. இன்னும் எதுக்கு அதுங்களுக்காக மாரடிக்கிற?" என்றாள் வேதவல்லி.

"மத்த கன்னெல்லாம் அப்படியே நின்னாலும் இந்த எடமாவது சரியா இருக்கட்டும்."

வேதவல்லி கூடையை இறக்கினாள்.

"நீ தண்டை ஒட்டி வெட்டிட்ட அண்ணே. அவசரப்பட்டுட்ட. அதான் போச்சு. என்னோடதுக்கு நான் சொல்ற எடத்துல, அகலமா வெட்டு."

"கட்டாயமில்ல வேதவல்லி."

"கட்டாயம்னு யாரு சொன்னா? கடப்பாரையப் புடி."

அவள் புருஷன் கன்று லேசில் வரவில்லை. நாலு பேர் வந்து சேர்ந்த பிறகும் அசையவில்லை.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்" என்றாள் வேதவல்லி. "சோறு போடணும், கொஞ்சம் தள்ளி உக்காருன்னா காதுலயே வாங்க மாட்டாரு. ம், தூக்குங்க."

தூக்கினார்கள். ஒரு பாய் அகலச் சேற்றோடு அது எழுந்தது. பழைய வலையில் வைத்து எட்டுப் பேர் சுமந்தார்கள். பூங்கோதையின் காய்ந்த கன்றுக்குப் பக்கத்தில் நடச் சொன்னாள் வேதவல்லி. காய்ந்ததைப் பிடுங்கலாமா என்று ஒருவன் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அவன் வேறு பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கூட்டம் தேவைப்படவில்லை. கடல் வற்றும் நேரங்களில், வீட்டுக்கு வீடு தங்கள் கன்றைத் தாங்களே சொல்லி எடுத்தார்கள். யார் கன்றானாலும் வலையின் ஒரு முனை தாண்டவராயன் கையில் இருந்தது. ஒவ்வொரு குழியையும் அவரே சமன் செய்தார். பிழைத்தவை பிழைத்தன. காய்ந்தவற்றுக்கு உரியவர்கள் வந்து பார்த்தார்கள், துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார்கள், அடுத்த கன்றைத் தூக்க வந்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் பரப்பு பழையபடி வெறுமையானது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. தாண்டவராயனும் சாமியம்மாவும் உடைத்ததுபோக மிஞ்சியிருந்த கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் வந்தது. வட்டமிட்டது. தெற்கே போய்விட்டது.

தாண்டவராயன் எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும்.

பிறகு ஒருநாள், கடல் வற்றிச் சேறு மின்னத் தொடங்கியபோது, கூட்டம் தாழ்ந்து வந்தது. ஒருமுறை சாய்ந்து திரும்பியது. முதலில் ஒன்று இறங்கியது. அது நாலு பக்கமும் பார்த்தது. குனிந்து சேற்றைக் குத்தியது. மற்றவையெல்லாம் அதன் பின்னால் இறங்கின.

பரப்பு முழுவதும் சின்னக் கால்கள் ஓடின.

 பூங்கோதையின் கன்று இருந்த இடத்தில், தாண்டவராயன் கையால் தடவிய சேற்றில், உள்ளான்கள் மூக்கைப் புதைத்துப் புதைத்து எடுத்தன. அவர் கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

"அம்மா…"

"சொல்லுங்கய்யா."

"ஒரு தடவை. ஒரே ஒரு தடவை நடுவுல ஓடி எழுப்பிப் பாக்கட்டுமா?"

சாமியம்மா பறவைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்குங்கய்யா. சாப்பிடட்டும்."

தாண்டவராயன் உட்கார்ந்தார்.

தில்லைநாயகி சொன்னது இவ்வளவுதான். போன தை மாதம் நான் கீழக்கழிக்குப் போனேன். சாமியம்மா அங்கே இல்லை. பறவைகள் முதலில் இறங்கிய நாள் எது என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதை நான் எழுதவில்லை. கண்ணால் பார்த்து, கேட்டு, சரி என்று சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. வாய்க்கால் கரையில் அலையாத்திகள் ஆள் உயரத்துக்குமேல் வரிசையாக நிற்கின்றன. நடுநடுவே சில இடங்கள் காலி. அப்படி ஒரு காலி இடத்துக்குப் பக்கத்து மரத்தடியில் பழைய பீடிக்கட்டு ஒன்று கிடந்தது. அந்த மரத்தில் ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை, கடல் வற்றும் நேரத்தில், அந்த ஊரில் எந்த நாயையும் அவிழ்த்துவிடுவதில்லை.